மூன்று நூல் தண்ணீர்

பம்பாயை ஒட்டிய வாஷியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் போன மாதம் ஒரு மீன் குளம் வைத்தார்கள். காலை பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். செங்கல்லை வரிசையாக அடுக்கினார்கள், மேலே கறுப்பு ரப்பர் விரிப்பைப் போட்டார்கள், தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நான் மத்தியானத் தொழுகையை முடித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுக் கீழே வந்து பார்த்தால் மீன் நீந்துகிறது.

வேலையை எடுத்திருந்தவன் பாண்டுப்பில் வளர்ந்த தமிழ்ப் பையன், பெயர் சந்தோஷ். நான் தொட்டி கட்டும் கொத்தனாராக முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் என்று காவல்காரர் சொல்லியிருக்கிறார். "அங்கிள், இந்த ஷீட் எல்லாம் இல்லாம உங்க டைம்ல எப்படி பண்ணீங்க? பானி லீக் ஆகாதா?" என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன். செங்கல் நனைக்கும் இடத்துக்கு வருவதற்குள் அவனுக்கு போன் வந்துவிட்டது. மீதியை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் விரிப்பின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்கு அது கிடைத்திருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன். ஒரு பெரிய அவமானத்திலிருந்து தப்பித்திருப்பேன்.

கடையநல்லூரிலிருந்து பதினெட்டு வயதில் தாராவிக்கு வந்தேன். முதல் வருஷம் மணல் சலித்தேன். இரண்டாம் வருஷமும் மணல்தான் சலித்தேன், சல்லடை மட்டும் புதியது. மூன்றாம் வருஷம் செங்கல் நனைக்க விட்டார்கள். நான்காம் வருஷம் பூசுகிற கரணை கைக்கு வந்தது. ஐந்தாம் வருஷம் நான் பூசிய சுவரை மேஸ்திரி தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அது பாராட்டு என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மேஸ்திரியின் பெயர் வேதமணி. அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், நாசரேத்தைத் தாண்டி ஏதோ ஊர். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு வெள்ளை வேட்டி, மற்ற நாளெல்லாம் காக்கி அரைக்கால் சட்டை. தண்ணீர் நிற்கும் வேலையைத் தவிர வேறு எதையும் கையில் எடுக்க மாட்டார். மாடித் தொட்டி, தரையடித் தொட்டி, தோல் ஊற வைக்கும் தொட்டி, இவைதான். வீடு கட்டச் சொல்லி யாராவது வந்தால், "வீட்டுல என்ன தப்பு பண்ணுனாலும் சுண்ணாம்பு அடிச்சு மூடிரலாம். அந்த வேலை நமக்கு ஒத்து வராது" என்று அனுப்பிவிடுவார்.

சிமென்ட் அப்போது பெர்மிட்டில் கிடைத்த காலம். மூட்டை வந்ததும் வாயைப் பிரித்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுவார். உள்ளே குளுகுளுவென்று இருந்தால் நல்ல சிமென்ட். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி நிற்பார். கலவையில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் அது அவர் கணக்கில் செத்த கலவை. அதன் மேல் மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறி எழுப்பப் பார்ப்பதை அவர் பாவத்தில் சேர்த்திருந்தார். எவ்வளவு மீந்தாலும் எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

அவர் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணமாக எங்களை "ஏல", "என்னல" என்றுதான் கூப்பிடுவார். அது அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "தம்பி, கொஞ்சம் இங்க வாறீங்களா" என்று ஒரு குரல் வந்தால், கூப்பிடப்பட்டவனுக்குக் கரணை கையிலிருந்து நழுவும். ஒருவனை அவர் "சார்" என்று கூப்பிட்டாராம். அவன் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏறிவிட்டான் என்பார்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் ராமசேஷன் சார் எங்களைத் தேடிக்கொண்டு தாராவிக்கு வந்தார். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. மாட்டுங்காவில் இரண்டு அறை வீட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு, செம்பூரில் தரையோடு ஒரு சொந்த வீடு கட்டிப் போயிருந்தார். அவருக்கு மீன் பைத்தியம். தின்கிற மீன் இல்லை, அவர்கள் அதைத் தொட மாட்டார்கள். விரல் நீள வண்ண மீன்கள், வெப்ப நாட்டு மீன்கள். கப்பி, மோலி, வாள் மாதிரி வால் நீண்டது, தேவதை மீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார். மாட்டுங்கா வீட்டில் ஏழு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தாராம். ஒன்று கட்டிலுக்கு அடியில்.

"புது வீட்டு ஹால்ல நடுவுல ஒரு குளம் வேணும், மேஸ்திரி. பத்தடி நீளம், ஆறடி அகலம், ரெண்டரை அடி ஆழம். மேல கண்ணாடிக் கூரை போட்டுட்டேன். வெளிச்சம் நேரா விழும்."

"வீட்டுக்குள்ள எதுக்கு சார்? பின்னால இடம் கெடக்குல்லா?"

"காக்கா கொத்திண்டு போயிடும்."

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல அம்மா என்ன சொல்லுதாங்க?"

"அவ பாலக்காட்டுக்குப் போயிருக்கா. தம்பி பையனுக்குப் பூணூல். ரெண்டு மாசம் ஆகும் வர்றதுக்கு" என்றார் சார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அந்த வேலையைத்தான் மேஸ்திரி என் பொறுப்பில் விட்டார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. இடம் குறித்துக் கொடுத்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். நானும் இரண்டு சித்தாள்களும் தினமும் குர்லாவில் வண்டி மாறி செம்பூர் போனோம்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஹால் தரையைப் பெயர்த்து இரண்டடி தோண்டி, ஜல்லி இடித்து, கம்பி வலை கட்டி ஒரே நாளில் அடித்தளம் போட்டோம். மறுநாள் மீதியைப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அந்த ஒட்டில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். சுவருக்கு இரவெல்லாம் ஊறிய செங்கல். உள்பூச்சு இரண்டு கோட். தரையும் சுவரும் சேருகிற இடத்தில் மூலை கூர்மையாக இருக்கக் கூடாது. கலவையை அள்ளி வைத்து, கவிழ்த்த பாட்டிலால் இழுத்து உருட்டிவிட வேண்டும். பம்பாயில் அதற்கு வாட்டா என்று பெயர். தொட்டியின் உயிரே வாட்டாவில்தான் இருக்கிறது.

மூன்று மூலைக்கு அருமையாக வாட்டா போட்டேன். நாலாவது மூலைக்கு வருகிற அன்றைக்குத்தான் என்னைப் பெண் வீட்டார் பார்க்க வருவதாக இருந்தது.

தாராவியிலேயே தோல் பட்டறை வைத்திருந்த சாகுல் ஹமீது மாமாவின் மகளுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். வேதமணி மேஸ்திரிதான் எனக்காகப் பேசியிருந்தார். "பையன் வேலை சுத்தம் பாய். அவன் பூசுன சுவத்துல திருத்தம்னு நான் கரணை வச்சதில்ல" என்று சொல்லியிருந்தார். மாமா நாலு மணிக்கு வருவார். நான் மூன்று மணிக்காவது செம்பூரை விட்டுக் கிளம்பிக் குளித்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், காலையில் கலந்த கலவையில் ஒன்றரைச் சட்டி மீந்து இறுகிக் கிடக்கிறது. புதிதாகக் கலக்க அரை மணி நேரம் ஆகும். பெர்மிட் சிமென்ட் வேறு. சித்தாள்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். ஒரு கை தண்ணீர் தெளித்தேன், கிளறினேன், அள்ளி வைத்து நாலாவது மூலையை இழுத்துவிட்டேன். பார்வைக்கு மற்ற மூன்றைவிட அதுதான் அழகாக வந்தது.

மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று என்று மறுநாள் செய்தி வந்தது.

குளம் தண்ணீர் பிடித்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் மீன் பிழைக்கவில்லை. சார் பரீட்சைக்காக மூன்று கப்பிகளை விட்டார். ஒரு மணி நேரத்தில் மூன்றும் வயிற்றைக் காட்டிவிட்டன. அன்றைக்கு அவர் ராத்திரி சாப்பிடவில்லை. மேஸ்திரி மறுநாள் வந்து துக்கம் கேட்பது போல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "தண்ணி நிக்குமான்னு கேளுங்க, பதில் சொல்லுதேன். மீன் நிக்குமான்னா எனக்குத் தெரியாதே சார்" என்றார்.

கிராஃபோர்ட் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர் விஷயத்தைச் சொன்னாராம். புதுச் சிமென்டிலிருந்து காரம் இறங்கிக்கொண்டே இருக்கும், அதைக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். நிரப்பினோம், மூன்று நாள் ஊறவிட்டோம், இறைத்தோம். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊற வைத்து மறுபடி இறைத்தோம். சாரின் மருமான் காலேஜில் படித்தான். அவன் கொடுத்த சிவப்புத் தாளை சார் தண்ணீரில் நனைப்பார். அது நீலமாக மாறினால் முகம் சுருங்கிவிடும். ஏழாவது தடவை தாள் சிவப்பாகவே இருந்தது. சார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏழு தொட்டி மீன்களும் குளத்துக்குக் குடிவந்தன.

அடுத்த வாரம் பாலக்காட்டிலிருந்து சாரின் மனைவி ஜானகி மாமி வந்துவிட்டார்.

குளத்தின் விளிம்புக்குக் கடப்பைக்கல் ஒட்டிக்கொண்டிருந்ததால் நான் அங்கே இருந்தேன். மாமி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குளத்தை ஒரு முறை சுற்றி வந்தார்.

"இது என்ன?"

"குளம்" என்றார் சார். "ஹால்ல கொஞ்சம் வேலை நடக்கறதுன்னு லெட்டர்ல எழுதியிருந்தேனே."

"குளம்னு தெரியறது. சாப்பாட்டு மேஜை போடறதா இருந்த எடம் எங்கே?"

சார் குளத்தைப் பார்த்தார்.

"சரி" என்றார் மாமி, குரலை உயர்த்தாமல். "இனிமே தரையிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஜலத்துல நான் ஒரு விரல் வைக்க மாட்டேன். தீனி போடறது, அலம்பறது, எதுவும் என்கிட்ட வரப்படாது." அப்புறம் என்னைப் பார்த்து, "நீ என்னப்பா பண்ணுவே, கட்டச் சொன்னா கட்டறே. காப்பி சாப்பிடறியா?" என்றார்.

இரண்டு வாரம் கழித்து சாரிடமிருந்து மேஸ்திரிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. குளம் ஒழுகுகிறது.

எனக்கு உடனே நாலாவது மூலைதான் ஞாபகம் வந்தது.

மேஸ்திரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டைச் சுற்றி வந்து அடிச்சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. தரைக் கல்லில் காதை வைத்தார். பிறகு தன் வழக்கமான முறையை ஆரம்பித்தார். குளத்துக்குள் ஒரு மரச்சட்டத்தை நேராக நிறுத்தி அங்குலமும் நூலும் கீறினார். எங்கள் தொழிலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு போட்டார். வெயிலும் காற்றும் குடிக்கிற தண்ணீர் வாளியிலும் குறையும். வாளியைவிடக் குளத்தில் எவ்வளவு கூடுதலாகக் குறைகிறதோ அதுதான் ஒழுகல்.

"சார், ஒரு நாளைக்கு நாலு தடவை பாத்து நோட்டுல எழுதணும். காலையில எந்திரிச்சதும் ஒண்ணு, குளிச்சிட்டு வந்து ஒண்ணு, ஆபீஸ் விட்டு வந்ததும் ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு."

தலைமைக் குமாஸ்தாவிடம் நோட்டில் எழுதச் சொன்னால் கேட்க வேண்டுமா. சிவப்பு மையில் கட்டம் போட்டுவிட்டார்.

மூன்று நாள் கழித்துப் போனோம். வாளியில் நாளைக்கு ஒரு நூல் குறைந்திருந்தது. குளத்தில் மூன்று நூல். மேஸ்திரி நோட்டை வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நேரம் ஆகும். படித்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்தார். மாமி ஊருக்குப் போகுமுன் போட்டிருந்த பாகற்பந்தல் தளதளவென்று ஏறியிருந்தது. கறிவேப்பிலை இடுப்பு உயரம் வந்துவிட்டது. மறுபடி நோட்டைப் பார்த்தார். மூடிச் சாரிடம் நீட்டினார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நிக்காஹுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒழுகல் என் மூலையில்தான் என்று அவராகக் கண்டுபிடித்தால் அந்தக் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து, கண்டுபிடிக்காமல் போனால் அதைவிட மோசம் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

"அண்ணாச்சி" என்றேன். "அடுக்களைப் பக்க மூலை. செத்த கலவைல வாட்டா போட்டேன். தண்ணி தெளிச்சு எழுப்பிப் போட்டுட்டேன்."

ராமசேஷன் சார் பேனாவை மூடினார். அடுக்களை வாசலில் மாமி கையில் தேங்காய் மூடியோடு நின்றிருந்தார்.

மேஸ்திரி என்னை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படிங்களா" என்றார். "எதுக்குங்க தம்பி?"

"அன்னைக்குத்தான் சாகுல் மாமா பாக்க வந்தாங்க."

"அதுக்காவங்களா." குளத்தைப் பார்த்தார். மீன்கள் ஒன்றும் தெரியாமல் திரிந்தன. "நாளைக்குக் காலையில உளியும் சுத்தியலும் எடுத்துட்டு வாங்க தம்பி. மூலையைக் கொத்தி எடுத்துருவோம். சார், மீனை எல்லாம் வேற ஏனத்துல மாத்தணும்."

திரும்பும்போது ரயிலில் கூட்டம். இடம் கிடைத்ததும், "உக்காருங்க தம்பி" என்றார். நான் தாராவி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலையோடு தயாராக இருந்தார். பழைய கண்ணாடித் தொட்டிகள் போதவில்லை. சமையலறையிலிருந்து பித்தளை அண்டாவைக் கேட்டார். மாமி எடுத்து வந்து வைத்தார். சார் முதல் மோலியைப் பிடித்து அதில் விட்டார். நான் துணியைப் பிரித்து உளியை எடுத்து வைத்தேன்.

மாமி உள்ளே போகவில்லை. அண்டாவின் பக்கத்திலேயே நின்றார்.

"மேஸ்திரி, கொஞ்சம் இருங்கோ" என்றார். "தண்ணிய இறக்க வேண்டாம். குளம் ஒழுகலை."

"அப்படியாம்மா?" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நான்தான் எடுத்தேன். காலம்பற மூணு வாளி. இவர் வாக்கிங் போனப்புறம். இங்க குழாய்ல ஒரு மணி நேரம்தான் தண்ணி வரது, அது செடிக்குக் காணாது. ஒரு நாள் இதுல எடுத்து ஊத்தினேன். பாகல் அப்படிப் பிடிச்சிண்டுது. அப்பறம் விட முடியலை." என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளை தான் பண்ணாத தப்புக்குத் தலைகுனிஞ்சு நிக்கறான். நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை."

சார் வலையைப் பிடித்தபடியே நின்றார். அதில் ஒரு வாள்வால் துள்ளிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வலையை அவர் கையோடு பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார்.

"நீயா?" என்றார் சார். "ஒரு விரல் வைக்க மாட்டேன்னு சொன்னியே, ஜானகி."

"விரல் வைக்கலையே. வாளிதான் வச்சேன்."

முதலில் சிரித்தது சார்தான். பிறகு மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளிம்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அல்லா காப்பாற்றினான், குளம் ஒழுகவில்லை, மூலை நன்றாகத்தான் இருக்கிறது, நிக்காஹும் நடக்கும். உளியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

"எதுக்குங்க தம்பி சுத்துறீங்க?" என்றார் மேஸ்திரி.

"ஒழுகலையே அண்ணாச்சி."

"ஆமா, ஒழுகலை. ஆனா செத்த கலவைன்னு நீங்க சொல்லிட்டீங்களே. கேட்டுட்டு நான் எப்படி விட்டுட்டுப் போறது?"

சாரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். மாமியும் சொன்னார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் எல்லா மீனும் பாத்திரத்துக்குப் போயின. தேவதை மீன்கள் இட்லிப் பானையில் இருந்தன. குளத்தை இறைத்தோம். அந்தத் தண்ணீர் முழுவதையும் மாமி வாங்கி வாங்கிச் செடிகளுக்கு ஊற்றினார்.

நான் உள்ளே இறங்கி நாலாவது மூலையில் உளியை வைத்தேன். முதல் அடிக்கு உளி எகிறி வந்தது. இரண்டாவது அடிக்கும் அப்படித்தான். கல் மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் அடித்தும் ஒரு கைப்பிடி தூள்தான். எனக்கு உள்ளூரப் பெருமை பொங்கியது. தலையை நிமிர்த்தி மேஸ்திரியைப் பார்த்தேன்.

"கீழ வைங்க" என்றார். "தரையோட சேர்ற எடத்துல."

வைத்தேன். ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை, பால்பல் விழுகிற மாதிரி, அப்படியே முழுசாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. பின்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. அது எதையும் பிடித்திருக்கவில்லை. சும்மா சாய்ந்து நின்றிருக்கிறது. ஒரு வருஷம் நின்றிருக்கலாம், இரண்டு வருஷம் நின்றிருக்கலாம்.

நான் கலவை போட எழுந்தேன். அன்றைக்கு அந்த மூலைக்கு ஒரு சட்டி கலவை, கலந்த கால் மணி நேரத்துக்குள் தீர்த்தேன். மேஸ்திரி பாட்டிலால் ஒரே இழுப்பாக உருட்டச் சொன்னார். இழுத்து முடித்ததும் தடவிப் பார்த்தார், எழுந்து போய்க் கை கழுவினார்.

சாயங்காலம் ரயிலில் கேட்டேன். "அண்ணாச்சி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நோட்டுல இருந்துதே. பகல் பூரா வாளிக்கு மேல கொறையல, ராத்திரி பூராவும் கொறையல. காலையில ஆறு மணிக்கும் ஏழரைக்கும் நடுவுல மட்டும் கொறையுது. ஒழுகல் கடிகாரமால பாக்கும்?"

அந்த "ல" காதில் விழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"அப்ப ஏன் அங்க சொல்லல?"

"அந்த அம்மாவே சொல்லட்டும்னு இருந்தேன். புருசன் பொண்டாட்டி விசயம்ல. அதுக்குள்ள நடுவுல பூந்து நீ சொல்லிட்ட." குர்லாவில் இறங்கும்போது, "சாகுல் பாய்ட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

நானே போய்ச் சொன்னேன். பட்டறை வாசலில் தோலை நீட்டிப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்த மாமா கத்தியை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அன்னைக்கு நாலு மணிக்கு வாரேன்னு சொல்லிட்டு ஆறரைக்குல்லா வந்தேன். சரக்கு எறக்குற வேலை வந்துட்டு" என்றார். "அப்பம் அந்த மூலையில பாதி என் மேலயும் இருக்கு. போ, போய் வேலையப் பாரு." மைமூனுக்கும் எனக்கும் ஒரு மாதத்தில் நிக்காஹ் ஆனது. ராமசேஷன் சார் வந்து சர்பத் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் குளத்துக்கு வேறு யோசனை இருந்தது.

புதுப் பூச்சுக்காக மறுபடி வாழைத்தண்டு போட்டு, இறைத்து, தாள் நனைத்து, மீன்கள் திரும்பிப் போயின. மாமி அதன் பிறகு குளத்துப் பக்கமே போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் சொன்ன பிறகு வாளியோடு நிற்க வெட்கம். மூன்று வாரம் ஆனது. தோட்டத்தில் பாகல் இலைகள் பழுத்தன. ஹாலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. நாலைந்து செத்தும் போயின. சார் மறுபடி கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு ஓடியிருக்கிறார். விற்கிறவர் கேட்டாராம், "தினமும் கொஞ்சம் பழைய தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்துவீங்கல்ல?" என்று. ஊற்றவில்லை. அது வரைக்கும் மாமி எடுத்த மூன்று வாளியை ஈடுகட்டி சார் ஊற்றியதால்தான் மீன்கள் உயிரோடு இருந்திருக்கின்றன.

சாரின் இரண்டாவது கார்டு வந்தது. குளத்தடியிலிருந்து பின்தோட்டத்துக்கு ஒரு குழாய் பதித்து, திருகினால் தண்ணீர் செடிக்குப் போகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். செய்யலாம். சுவரில் ஒரு துளை, பத்தடி இரும்புக் குழாய், ஒரு திருகு. அரை நாள் வேலை. குழாயை நானும் மேஸ்திரியும் ஆளுக்கு ஒரு முனையாகத் தோளில் வைத்து, லக்கேஜ் பெட்டியில் ஏற்றி, குர்லாவில் இறக்கி மாற்றி ஏற்றி, செம்பூரில் எல்லோருடைய வசவையும் வாங்கிக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மாமி வாசலில் நின்றிருந்தார். குழாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதெதுக்கு?"

"உனக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான்" என்றார் சார். "நீ தினம் தண்ணி எடுக்கணும், ஜானகி. எடுத்தாத்தான் அதுகள் பிழைக்கும்போல இருக்கு. நான் கேட்டுக்கறேன்."

மாமி உள்ளே போனார். நாங்களும் குழாயை வாசலில் சாய்த்துவிட்டுப் பின்னாலேயே போனோம். மாமி கொல்லைப்பக்கத்திலிருந்து வாளியை எடுத்து வந்து குளத்தின் விளிம்பில் வைத்தார். காலைதோறும் கேட்டுப் பழகிய அந்த டக்கென்ற சத்தம் கேட்டதும் குளத்தின் நாலு பக்கத்திலிருந்தும் மீன்கள் திரும்பின. கப்பி, மோலி, வாள்வால், தேவதை மீன் எல்லாம் அந்த ஒரு மூலைக்கு நெருக்கியடித்துக்கொண்டு வந்து, தலையை மேலே தூக்கி மாமியைப் பார்த்தன.

"குழாய் வச்சா தண்ணி போகும், சரி" என்றார் மாமி, எங்கள் பக்கம் திரும்பாமல். "இதுகள் யாரைப் பார்க்க வரும்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "குழாயத் தூக்குல" என்றார்.

தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம்.